சூப்பர்ஹீரோ ஃபேன் ஃபிக்‌ஷன்: நல்ல கதையைத் தேடிப் பிடிப்பதும் அடுத்தவருக்குப் பரிந்துரைப்பதும்

படம் பார்த்து முடித்த பிறகும் அந்தப் பாத்திரங்களை விட மனசு வராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரசிகர்கள் எழுதிய கதைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன என்று யாரோ சொல்லியிருப்பார்கள். போய்ப் பார்த்தால் லட்சக்கணக்கில் கதைகள். எதைத் தொடுவது, எதை விடுவது என்று தெரியாது. சரி, யாராவது போட்ட பரிந்துரைப் பட்டியலைப் பார்க்கலாம் என்று போனால் பாதி லிங்க் திறக்காது. திறக்கிற கதைக்குப் பக்கத்தில் "அருமை, கட்டாயம் படிக்கவும்" என்று மட்டும் இருக்கும். அதை நம்பி இரவு முழுக்கப் படித்தால் பதினேழாம் அத்தியாயத்தோடு கதை பாதியில் நிற்கும். இந்த எரிச்சல் எல்லாம் எனக்கு நன்றாகப் பழக்கம்.

பிடித்த கதையை அடுத்தவருக்குச் சொல்வது நல்ல காரியம். எழுதியவருக்கு ஒரு பைசா வராது. ஒரு வாசகர் கூடினால் அதுதான் அவருக்குச் சம்பளம். அதனால் அதைச் சரியாகச் செய்ய வேண்டும். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த உலகம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"சூப்பர்ஹீரோ கதை" என்று பொதுவாகத் தேடக் கூடாது. மார்வெல் படங்களை வைத்து எழுதிய கதை வேறு, மார்வெல் காமிக்ஸை வைத்து எழுதியது வேறு. பேட்மேனுக்குப் படங்கள், காமிக்ஸ், கார்ட்டூன், விளையாட்டு என்று தனித்தனி உலகங்கள் உண்டு. இவை எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் பொது டேக்கும் (டேக் என்பது கதைகளை வகைப்படுத்தப் போடும் அடையாளச் சொல்) இருக்கிறது. புதிதாக வருபவர் அதைத் தொட்டால் மூழ்கிவிடுவார்.

படம் மட்டும் பார்த்தவர்கள் மார்வெல் சினிமா உலகத்திலிருந்து தொடங்கினால் எளிது. பேட்மேன் பக்கம் போவதாக இருந்தால் ஒரு சிறு தயாரிப்பு வேண்டும், ஏனென்றால் அங்கே எழுதப்படும் கதைகளில் பெரும்பகுதி குடும்பக் கதை. பேட்மேனின் இளம் கூட்டாளியான ராபின் என்பது ஒரே ஆள் இல்லை. டிக் கிரேசன் வளர்ந்து நைட்விங் ஆகிவிட்டான். ஜேசன் டாட் 1988இல் காமிக்ஸில் கொல்லப்பட்டு, 2005இல் ரெட் ஹூட் என்ற பெயரோடு கோபமாகத் திரும்பி வந்தவன். டிம் டிரேக், பேட்மேன் யாரென்று தானே துப்புத் துலக்கிக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டியவன். டேமியன், புரூஸ் வெய்னின் (அதாவது பேட்மேனின்) சொந்த மகன், கொலைகாரர்கள் நடுவே வளர்ந்தவன். இந்த நாலு பேரையும், புரூஸின் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆல்ஃப்ரெடையும் தெரிந்துகொண்டால் போதும், முக்கால்வாசிக் கதை புரிந்துவிடும். தெரியாமல் நுழைந்தால் இரண்டாவது பக்கத்திலேயே "இவன் யார், எதற்கு அவன்மேல் இத்தனை கோபம்" என்று மூடி வைத்துவிடுவீர்கள்.

மார்வெல் சினிமாக் கதைகளில் கவனிக்க வேண்டியது, கதை வெளியான தேதி. 2012இல் முதல் அவெஞ்சர்ஸ் படம் வந்தபின் எழுதிய கதைகளில் எல்லோரும் டோனி ஸ்டார்க்கின் (அயர்ன் மேன்) கோபுரத்தில் ஒன்றாகக் குடியிருப்பார்கள்; சமைப்பார்கள், சண்டை போடுவார்கள், சோஃபாவில் தூங்கிப் போவார்கள். படத்தில் இறந்த உளவு அதிகாரி கோல்சன் அங்கே உயிரோடு இருப்பார். வில்லாளி கிளின்ட்டுக்கு (ஹாக்ஐ) மனைவியும் பிள்ளைகளும் உண்டு என்பது 2015 படத்தில்தான் தெரிந்தது. அதனால் அதற்கு முந்தைய கதைகளில் அவன் தனியாள். 2016இல் ஸ்டீவும் (கேப்டன் அமெரிக்கா) டோனியும் எதிரெதிரே நின்ற படத்துக்குப் பிறகு கதைகளின் தொனியே மாறிப்போனது. 2019க்குப் பிறகு வந்தவற்றில் டோனியின் சாவைச் சரிசெய்யும் கதைகள் குவிந்தன. ஆக, தேதியைப் பார்த்தாலே அந்த எழுத்தாளருக்கு எதுவரை தெரியும் என்று கண்டுபிடித்துவிடலாம். "இது படத்தில் இப்படி இல்லையே" என்ற குழப்பமும் தீரும்.

2. கணக்கு, செலவு, காத்திருப்பு

நான் பரிந்துரைப்பது ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற தளத்தை. எல்லோரும் ஏஓ3 என்றுதான் சொல்வார்கள். இலாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று தன்னார்வலர்களை வைத்து 2009இலிருந்து நடத்துகிறது. விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது. நன்கொடை கேட்பார்கள், கொடுக்காவிட்டாலும் எல்லாமே திறந்திருக்கும்.

படிக்கக் கணக்கு தேவையில்லை. ஆனாலும் தொடங்கிக்கொள்ளுங்கள். சில எழுத்தாளர்கள் தங்கள் கதையை உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருப்பார்கள். கணக்கு இல்லாதவர் தேடும்போது அவை பட்டியலிலேயே வராது. இல்லாத கதையை யாரும் தேட மாட்டார்கள், அதனால் எதை இழக்கிறோம் என்பதும் தெரியாது.

கணக்குக்குத் தேவையானது ஒரு மின்னஞ்சல் முகவரியும் 13 வயது நிறைவும்தான். அடையாள ஆவணம் எதுவும் வேண்டாம். மின்னஞ்சலைக் கொடுத்து வரிசையில் நின்றால் கணக்குத் தொடங்குவதற்கான அழைப்பு மின்னஞ்சலில் வரும். கூட்டத்தைப் பொறுத்து சில நாள் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். வரிசையில் எங்கே நிற்கிறீர்கள் என்பதை அதே பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். அழைப்பு வந்ததா என்று ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. அழைப்பை யாராவது காசுக்குத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள், அது இலவசம். இன்னொன்று, ஏஓ3க்கு அதிகாரபூர்வமான செயலி எதுவும் கிடையாது. ஃபோனில் அந்தப் பெயரில் கிடைப்பவை எல்லாம் வேறு யாரோ செய்தவை. சிலவற்றில் விளம்பரம் வரும், சில சந்தாவும் கேட்கும். ஃபோனின் பிரௌசரில் திறந்தாலே போதும்.

புனைபெயரில் பதிவு செய்யுங்கள். அங்கே எல்லோரும் அப்படித்தான்.

ஃபேன்ஃபிக்‌ஷன் டாட் நெட் 1998இலிருந்து இருக்கிறது. பழைய எக்ஸ்-மென், டீன் டைட்டன்ஸ் கதைகள் வேண்டுமானால் அங்கே போங்கள். வாட்பேடிலும் சூப்பர்ஹீரோ கதைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் இரண்டிலும் வடிகட்டும் வசதி ஏஓ3 அளவுக்கு இல்லை, விளம்பரத் தொல்லையும் உண்டு. முதலில் ஏஓ3இல் பழகுங்கள்.

3. கதையின் தலைப்புப் பட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

புதியவர்கள் அவசரப்படும் இடம் இது. ஒவ்வொரு கதைக்கு மேலும் ஒரு கட்டம் இருக்கும். அதில் வயது வரம்பு, எச்சரிக்கை, ஜோடி, பாத்திரங்கள், கூடுதல் டேக்குகள், சொல் எண்ணிக்கை, அத்தியாயக் கணக்கு எல்லாம் வரும். அதை முழுக்கப் படிக்காமல் கதைக்குள் போகாதீர்கள்.

வயது வரம்பு நான்கு படிகள்: எல்லோருக்கும், பதின்ம வயதுக்கு மேல், முதிர்ந்தவர்களுக்கு, வெளிப்படையானது. ஐந்தாவதாக "வரம்பிடப்படவில்லை" என்றும் ஒன்று உண்டு. அதைப் பெரியவர்களுக்கானது என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கையில்தான் பலர் வழுக்குகிறார்கள். கட்டாய எச்சரிக்கைகள் நான்கு: கொடூரமான வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் சாவு, பாலியல் வன்கொடுமை, வயது வராதவர்கள் தொடர்பான பாலியல். "இவை எதுவும் பொருந்தாது" என்று போட்டிருந்தால் நான்கும் இல்லை என்று பொருள். "எச்சரிக்கை தர விரும்பவில்லை" என்று போட்டிருந்தால் நான்கில் எது வேண்டுமானாலும் வரலாம். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரித் தோன்றும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கோ, மனம் நொந்திருக்கும் தோழிக்கோ கதையைக் கொடுக்கும்போது இந்த வேறுபாடு மிகப் பெரியது.

அப்புறம் ஜோடிக் குறி. இரண்டு பெயர்களுக்கு நடுவே சாய்கோடு இருந்தால் அது காதல் கதை. "&" குறி இருந்தால் நட்பு, சகோதர பாசம், தந்தை மகன் உறவு போன்றவை. ஸ்டீவ் ரோஜர்ஸ், பக்கி பார்ன்ஸ் இருவரையும் வைத்து இரண்டு வகையிலும் ஏராளமான கதைகள் இருக்கின்றன. காதல் கதை தேடுகிறவருக்கு நட்புக் கதையைக் கொடுத்தாலும் ஏமாற்றம்தான், மாற்றிக் கொடுத்தாலும் அதே ஏமாற்றம்தான்.

கூடுதல் டேக்குகளில் சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். "ஃபிக்ஸ்-இட்" என்றால் படத்தில் நடந்த கொடுமையைச் சரிசெய்யும் கதை. "ஸ்லோ பர்ன்" என்றால் காதலைச் சொல்ல ஐம்பதாயிரம் சொல்லாவது ஆகும், பொறுமை வேண்டும். "ஹர்ட்/கம்ஃபர்ட்" என்றால் அடிபடுவார், யாராவது பார்த்துக்கொள்வார். "ஐடென்டிட்டி ரிவீல்" என்றால் முகமூடிக்குப் பின்னால் யார் என்பது தெரியவரும். சூப்பர்ஹீரோ கதைகளுக்கே உரிய சுகம் அது. "5+1" என்றால் ஐந்து முறை ஒரே மாதிரி நடக்கும், ஆறாவது முறை மாறி நடக்கும். "டெட் டவ்: டு நாட் ஈட்" என்று போட்டிருந்தால் மற்ற டேக்குகளில் சொன்ன கொடுமை எல்லாம் அப்படியே உள்ளே இருக்கிறது, தெரிந்தே வாருங்கள் என்று எழுத்தாளர் கையைப் பிடித்துச் சொல்கிறார் என்று பொருள். புதியவர்கள் அதைத் தள்ளி வைப்பதே நல்லது.

4. வடிகட்டித் தேடுங்கள், பிறகு ஆட்களைப் பின்தொடருங்கள்

பாத்திரத்தின் டேக்கைத் தொட்டதும் கடைசியாகப் புதுப்பித்த கதை மேலே வரும். அதிலேயே படிக்கத் தொடங்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் ஃபில்டரைத் திறந்து இந்த வரிசையில் போங்கள்: முடிந்த கதைகள் மட்டும், வேறு உலகங்களோடு கலந்த கதைகள் வேண்டாம், உங்களுக்கு ஒத்துவராத டேக்குகள் விலக்கு, சொல் எண்ணிக்கை 5,000 முதல் 30,000 வரை, படிக்கத் தெரிந்த மொழி. கடைசியாக, குடோஸ் (வாசகர்கள் ஒரு பொத்தானை அழுத்தித் தரும் பாராட்டு) எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்துங்கள்.

சொல் எண்ணிக்கைக்குக் காரணம் இருக்கிறது. நிமிடத்துக்கு 200 சொல் படிப்பவர் 20,000 சொல் கதையை முடிக்க ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். கிட்டத்தட்ட ஒரு படம் பார்க்கும் நேரம். ஒரு லட்சம் சொல் என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல். பழகாத எழுத்தாளரிடம் முதல் தடவையே அத்தனை நேரத்தைக் கொடுக்க வேண்டாம்.

குடோஸை முழுசாக நம்பவும் கூடாது. பழைய கதைக்கு அதைச் சேர்க்க அதிக ஆண்டுகள் கிடைத்திருக்கின்றன. எல்லோரும் விரும்பும் ஜோடிக்கு அது தானாகக் கூடும். மிஸ் மார்வெல் கமலா கான், பிளாக் லைட்னிங், புளூ பீட்டில் போன்ற பாத்திரங்களை வைத்து எழுதிய அருமையான கதைகளுக்குக் குடோஸ் குறைவாகத்தான் இருக்கும், வாசகர் கூட்டம் சிறியது என்பதால். எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற கணக்கும் ஏமாற்றும்: நாற்பது அத்தியாயக் கதையை ஒரே ஆள் பல நாள் வந்து திறந்திருப்பார். குடோஸோ ஒருவர் ஒரு கதைக்கு ஒரு முறைதான் கொடுக்க முடியும். ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுத் தரத்தை முடிவு செய்யாதீர்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, இந்தக் கட்டுரையிலேயே எனக்கு மிக முக்கியமான பகுதியும் இதுதான். மனதில் நின்ற ஒரே ஒரு கதை கிடைத்ததும், அதை யார் யார் புக்மார்க் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சிலர் வெறுமனே புக்மார்க் செய்திருப்பார்கள். சிலர் நாலு வரி குறிப்பு எழுதியிருப்பார்கள். அந்தக் குறிப்பைப் படிக்கும்போது "இதையேதான் நானும் நினைத்தேன்" என்று தோன்றினால், அந்த ஆளின் மற்ற புக்மார்க்குகளைத் திறந்து பாருங்கள். ரசனை ஒத்துப்போகும் ஒரு வாசகர் கிடைத்தால் பல மாதத்துக்குப் படிக்கக் கிடைத்துவிடும். அதேபோல, பிடித்த எழுத்தாளரின் சொந்த புக்மார்க்குகளையும் பாருங்கள். நன்றாக எழுதுகிறவர்கள் நல்லதைத்தான் தேடிப் படிக்கிறார்கள். என் பட்டியலில் இருக்கும் சிறந்த கதைகளில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவை.

5. எதைப் பரிந்துரைப்பது

பிடித்தது எல்லாவற்றையும் பட்டியலில் போடாதீர்கள். நான் பார்ப்பது இதைத்தான்: சக்தியை எழுத்தாளர் எதற்குப் பயன்படுத்துகிறார்?

சூப்பர்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் மறு கோடியில் துடிக்கும் இதயம் அவருக்குக் கேட்கும். சாதாரணக் கதையில் அதை வைத்து வில்லன் ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார். நல்ல கதையில், கோபித்துக்கொண்டு பேசாமல் போன நண்பனின் இதயத்துடிப்பை இரவெல்லாம் கேட்டுக்கொண்டே, "கேட்பது தப்பு" என்று தெரிந்தும் காதை மூட முடியாமல் உட்கார்ந்திருப்பார். சக்தி ஒன்றுதான், இங்கே அது அவரைப் பற்றி ஏதோ சொல்கிறது. இப்படிப்பட்ட ஓர் இடமாவது இருந்தால் கதையைக் குறித்து வைப்பேன்.

இன்னொன்று, பேச்சு. ஆல்ஃப்ரெட் கோபப்படும்போது இன்னும் மரியாதையாகப் பேசுவார். பீட்டர் பார்க்கர் (ஸ்பைடர்மேன்) பயந்தால் வாய் ஓயாது. பேசுவது யார் என்ற குறிப்பை மறைத்துவிட்டுப் படித்தாலும் ஆள் யாரென்று தெரிந்தால், அந்த எழுத்தாளரை நம்பலாம்.

சண்டைக் காட்சி நன்றாக இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. அதற்குப் படங்கள் இருக்கின்றன.

6. குறிப்பு எடுத்து வையுங்கள்

படித்து முடித்த அன்றே இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கதையின் பெயர், எழுத்தாளரின் புனைபெயர் (ஒரு எழுத்தும் மாறாமல், அடிக்கோடு எண் எல்லாம் சேர்த்து), லிங்க், எந்த உலகம், ஜோடி, வயது வரம்பு, எச்சரிக்கை, சொல் எண்ணிக்கை, முடிந்ததா இல்லையா, பூட்டிய கதையா, நீங்கள் படித்த தேதி. கூடவே, மனதில் நின்ற ஒரு காட்சியைப் பற்றி உங்கள் சொல்லில் இரண்டு வரி. இந்த இரண்டு வரியை ஒரு வாரம் கழித்து எழுத முடியாது, "நன்றாக இருந்தது" என்பது மட்டும்தான் மிஞ்சும்.

ஏஓ3இன் புக்மார்க்கிலேயே குறிப்பு எழுதலாம், சொந்த டேக் போடலாம். "பரிந்துரை" என்று குறிக்க ஒரு பெட்டி உண்டு. "தனிப்பட்டது" என்று மறைக்க இன்னொரு பெட்டியும் உண்டு. மறைக்காவிட்டால் எல்லோரும் பார்க்கலாம். எழுத்தாளரும் பார்ப்பார். ஆகவே "நடுவில் இழுவை, ஆனாலும் பரவாயில்லை" போன்ற வரிகளை எழுதுவதாக இருந்தால் தனிப்பட்டது என்ற பெட்டியைத் தொட்டுவிடுங்கள். மற்றத் தளங்களில் இருக்கும் கதைகளையும் இங்கேயே புக்மார்க் செய்துகொள்ளலாம்.

எச்சரிக்கை: எழுத்தாளர் கதையை நீக்கிவிட்டால், உங்கள் புக்மார்க்கில் கதையின் பெயரும் எழுத்தாளர் பெயரும் போய்விடும். "நீக்கப்பட்டது" என்ற அறிவிப்பும் நீங்கள் எழுதிய குறிப்பும் மட்டும் நிற்கும். குறிப்பு எழுதாதவர்களுக்கு எந்தக் கதை போனது என்றுகூடத் தெரியாது. அதனால் குறிப்பின் முதல் வரியில் பெயர் இரண்டையும் நீங்களே எழுதிவிடுங்கள்.

பிடித்த கதையை உடனே இறக்கியும் வைத்துக்கொள்ளுங்கள். ஈபப், பிடிஎஃப், மோபி, ஏஇசட்டபிள்யூ3, எச்டிஎம்எல் என்று ஐந்து வடிவங்கள் உண்டு. ஃபோனில் படிக்க ஈபப் நல்லது. இது உங்கள் சொந்த வாசிப்புக்கு மட்டும். எழுத்தாளர் நீக்கிய கதையை ஊரெல்லாம் பகிர்வது அவர் முடிவை மதிக்காத செயல். அவர் நீக்கியதற்கு நமக்குத் தெரியாத காரணம் இருக்கும். சிலர் கதையை நீக்காமல் தங்கள் பெயரை மட்டும் எடுத்துவிடுவார்கள். அப்போது எழுத்தாளர் பெயர் இருக்கும் இடத்தில் "ஆர்ஃபன் அக்கவுன்ட்" என்று வரும். அந்தக் கதையைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். பழைய பெயரை மட்டும் வெளியே சொல்லாதீர்கள்.

7. பரிந்துரையை எழுதும் முறை

நான்கைந்து வரி போதும். முதல் வரியில் விவரம், அடுத்து கதையின் முடிச்சு, அடுத்து உங்களுக்கு ஏன் பிடித்தது, கடைசியில் யாருக்கு ஒத்துவராது. இப்படி ஒரு கதை இருப்பதாக வைத்துக்கொண்டு மாதிரி ஒன்று எழுதிக் காட்டுகிறேன்:

"பேட்மேன் காமிக்ஸ். 18,000 சொல், முடிந்தது. பதின்ம வயதுக்கு மேல். காதல் இல்லை. காத்தம் நகரத்துக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண், ஒரே தெருவிலிருந்து உடைந்த சன்னலுக்கு மாதாமாதம் இழப்பீடு கேட்டு மனு வருவதைக் கவனிக்கிறாள். மனுக்களைத் தேதிவாரியாக அடுக்கியதும், ராபின் எந்தப் பாதையில் வீடு திரும்புகிறான் என்பது அவளுக்குப் புரிந்துவிடுகிறது. சண்டையே இல்லாமல் இத்தனை படபடப்பு இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது. ஜேசன் டாட் யாரென்று தெரிந்திருந்தால் கடைசி அத்தியாயம் இன்னும் கனக்கும். பேட்மேன் நேரடியாக வருவது ஒரே காட்சியில்தான். அவருக்காகப் படிக்கிறவர்கள் வேறு கதை பார்க்கவும்."

கடைசி வாக்கியத்தை எழுதத் தயங்காதீர்கள். யாருக்கு ஒத்துவராது என்று சொன்னால் கதைக்கு இழுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தவறான வாசகரை அனுப்பினால் எழுத்தாளருக்குக் கசப்பான கமென்ட்தான் போகும்.

முக்கியப் பாத்திரம் சாகும் கதையில் என்ன செய்வது? டேக்கில் எழுத்தாளரே அறிவித்திருந்தால் நீங்களும் சொல்லுங்கள். அவர் "எச்சரிக்கை தர விரும்பவில்லை" என்று விட்டிருந்தால், "எச்சரிக்கை தரப்படாத கதை, விவரம் வேண்டுவோர் என்னிடம் தனியாகக் கேளுங்கள்" என்று எழுதினால் போதும். கதையின் திருப்பமும் காப்பாற்றப்படும், படிப்பவரும் காப்பாற்றப்படுவார்.

முடியாத கதைகளைத் தனித் தலைப்பில் போடுங்கள். கடைசியாகப் புதுப்பித்த மாதமும் ஆண்டும் பக்கத்தில் இருக்கட்டும். ஓராண்டுக்கு மேல் அசையாத கதையை, அது பாதியில் நின்றாலும் படிக்கத் தகுந்தது என்றால் மட்டும் சேருங்கள்.

8. எழுத்தாளரைப் பரிந்துரைக்கும்போது

"இவர் எழுதியது எல்லாமே நல்லது" என்று சொல்லி நிறுத்தினால் புதியவர் திகைத்துவிடுவார். நூற்றைம்பது கதை எழுதியவரிடம் எங்கே தொடங்குவது? மூன்று கதைகளைச் சொல்லுங்கள்: ஒரு உட்காரலில் முடியும் சிறுகதை ஒன்று, அவருடைய பலம் தெரியும் நடுத்தரக் கதை ஒன்று, பெரியது ஒன்று. தொடர் என்றால் எந்த வரிசையில் படிப்பது, நடுவிலிருந்து தொடங்கினால் புரியுமா என்பதையும் எழுதுங்கள். பிடித்தவரை ஏஓ3இல் சப்ஸ்கிரைப் செய்துகொண்டால் புதுக் கதை வரும்போது மின்னஞ்சல் வரும்.

பரிந்துரைக்கும் முன் அந்தக் கதையின் கீழ் ஒரு கமென்ட் போட்டுவிடுங்கள். நீளமாக வேண்டாம், எந்த வரியில் நின்றீர்கள் என்று சொன்னாலே எழுதியவருக்கு அது பெரிய விஷயம். "அடுத்த அத்தியாயம் எப்போது" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்காத விமரிசனத்தையும் அங்கே கொட்டாதீர்கள். பழைய கதையில் கமென்ட் போடலாமா என்று கூச்சப்பட வேண்டாம். எட்டு வருடத்துக்கு முந்தைய கதைக்குப் புது வாசகர் வந்தால் மகிழ்கிறவர்களே அதிகம்.

சில விஷயங்களில் உறுதியாக இருங்கள். புனைபெயருக்குப் பின்னால் இருக்கும் உண்மைப் பெயர் தெரிந்தாலும் எழுதாதீர்கள். கதையை நகலெடுத்து வேறு தளத்தில் ஏற்றாதீர்கள், லிங்க் மட்டும் கொடுங்கள். புத்தகமாக அச்சிட்டு விற்காதீர்கள். பாத்திரங்கள் நிறுவனங்களுக்குச் சொந்தம், காசு புகுந்தால் வழக்கில் மாட்டுவது எழுதியவர்தான். புத்தகங்களை மதிப்பிடும் தளங்களில் ரசிகர் கதையைச் சேர்த்து நட்சத்திரம் போடுவதும் பல எழுத்தாளர்களுக்குப் பிடிக்காது. படத்தில் நடித்தவர்களையோ காமிக்ஸ் எழுதியவர்களையோ குறிப்பிட்டு லிங்க் அனுப்புவது அதைவிட மோசம்.

மொழிபெயர்க்கவோ குரலில் பதிவு செய்யவோ ஆசை வந்தால் அனுமதி கேளுங்கள். முதலில் எழுத்தாளரின் அறிமுகப் பக்கத்தைப் பாருங்கள். "யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், எனக்கு லிங்க் கொடுத்தால் போதும்" என்று சிலர் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் கமென்ட்டில் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் வராவிட்டால் அனுமதி இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், எத்தனை மாதம் ஆனாலும்.

9. பட்டியலை வெளியிடுவதும் பராமரிப்பதும்

முதல் பட்டியலில் ஐந்து கதை போதும். ஐந்தும் ஒரே பாத்திரத்தைப் பற்றியோ ஒரே வகையிலோ இருந்தால் தேடி வருகிறவருக்கு வசதி: "டிக் கிரேசன் அண்ணனாக இருக்கும் கதைகள்", "முகமூடி கழன்ற கதைகள்", "சூப்பர்ஹீரோவைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்வையில் சொல்லும் கதைகள்" என்று. குடோஸ் ஆயிரக்கணக்கில் வாங்கிய கதை இரண்டு இருந்தால், யாரும் கவனிக்காத கதை மூன்று இருக்கட்டும். பெரிய கதைகளை மற்றவர்கள் எப்படியும் சொல்லிவிடுவார்கள்.

பரிசுக் கதைப் பரிமாற்றம் (ஒருவருக்கொருவர் பரிசாகக் கதை எழுதித் தரும் நிகழ்வு) நடக்கும் காலத்தில் கதைகள் முதலில் எழுத்தாளர் பெயர் இல்லாமல் வெளியாகும். நடத்துபவர்கள் குறித்த நாளில்தான் பெயரை வெளியிடுவார்கள். அதற்குள் பரிந்துரைத்திருந்தால், பெயர் வந்ததும் மறக்காமல் திருத்திச் சேர்த்துவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லா லிங்கையும் திறந்து பாருங்கள். கணக்கிலிருந்து வெளியேறிய நிலையிலும் ஒரு தடவை திறந்து பாருங்கள். அப்போதுதான் எந்தக் கதை புதிதாகப் பூட்டப்பட்டிருக்கிறது என்று தெரியும். பூட்டியதற்குப் பக்கத்தில் "கணக்கு வேண்டும்" என்று சேருங்கள். நீக்கப்பட்டதை எடுத்துவிடுங்கள். முடியாத கதை முடிந்திருந்தால் மேலே கொண்டுவந்து, முடிந்த தேதியைப் போடுங்கள். எழுத்தாளர் புனைபெயரை மாற்றியிருந்தால் புதுப் பெயரை மட்டும் எழுதுங்கள். ஐந்து கதைப் பட்டியலுக்கு இந்த வேலை பத்து நிமிடம்கூட ஆகாது. ஐம்பது கதை ஆனதும் ஒரு மாலை முழுக்கப் போய்விடும். பட்டியலை வளர்க்கும் முன் அந்த நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.